இந்தப் படத்தில் இருப்பது எந்தத் தெரு?

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கறுப்பு வெள்ளை. அகலமான சாலை, நாலைந்து கார்கள், ஓரமாக ஒரு கை ரிக்‌ஷா. கீழே, "1935-ல் நம்ம மவுண்ட் ரோடு, எவ்வளவு அமைதி பாருங்கள்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். மவுண்ட் ரோடு என்றால் சென்னையில் இன்றைய அண்ணா சாலை. பெரியப்பா உருகிப்போய் இரண்டு கும்பிடு போட்டிருந்தார். எல்லாம் சரி, ஆனால் படத்தின் வலது மூலையில், மரங்களுக்கு மேலே, எல்.ஐ.சி. கட்டடம் நின்றுகொண்டிருந்தது. அது திறக்கப்பட்டதே 1959-ல்தான்.

இதைக் கவனித்துவிட்டாலே பழைய தெருப் படங்களை அடையாளம் காணும் வேலையில் பாதி உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். மீதிப் பாதி பொறுமை.

படத்தைப் பார்த்ததும் நாம் கேட்பது "இது எந்த வருஷம்?" என்ற கேள்வியை. அதற்கு நேரடியாகப் பதில் கிடைப்பது அபூர்வம். அதை இரண்டாக உடைத்தால் கிடைக்கும். எந்த வருஷத்துக்கு முன்னால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது? எந்த வருஷத்துக்குப் பின்னால் எடுத்திருக்க முடியாது? படத்தில் உள்ள பொருட்களில் ஆகக் கடைசியாக வந்தது எதுவோ, அது முதல் வேலி. இப்போது இல்லாமல் போன பொருட்களில் ஆக முதலில் மறைந்தது எதுவோ, அது இரண்டாவது வேலி. படம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியப்பாவின் படத்துக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். எல்.ஐ.சி. முழுதாக எழும்பி நிற்கிறது, ஆகவே 1950களின் கடைசிக்கு முன்னால் போக முடியாது. கட்டுமானம் தொடங்கியது 1953-ல். சாரம் கட்டிய நிலையில் தெரிந்திருந்தால் கணக்கு வேறு. கை ரிக்‌ஷாவை மனிதன் இழுத்துப் போகிறான். தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை அரசு ஒழித்தது 1973-ல். ஆக, 1959-க்கும் 1973-க்கும் நடுவில். பதினான்கு வருஷ இடைவெளி. இதையும் சுருக்கலாம்: வாலாஜா ரோடு வந்து சேரும் ரவுண்டாணா முனை படத்தில் தெரிந்து, அங்கே அண்ணா சிலையும் இருந்தால், 1968-க்கு அப்புறம். அண்ணா உயிரோடு இருந்தபோதே வைத்த சிலை அது.

சிலை இல்லையென்றால் 1968-க்கு முன் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் புதிதாக வருபவர்கள் வழுக்கி விழுகிறார்கள். இருப்பது சாட்சி சொல்லும். இல்லாதது அவ்வளவு சுலபமாகச் சொல்லாது. சிலை மரத்துக்குப் பின்னால் இருக்கலாம், பேருந்து மறைத்திருக்கலாம், படத்தின் விளிம்புக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்றிருக்கலாம். அது நிற்க வேண்டிய இடமே படத்தில் காலியாகத் தெரிந்தால் மட்டும்தான் 'இல்லை' என்று எழுதிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஊருக்கும் இப்படிச் சில மைல்கற்கள் உண்டு. சென்னைக்கு நான் மனதில் வைத்திருப்பவை கொஞ்சம்தான். மின்சார டிராம் 1895-ல் ஓடத் தொடங்கி 1953-ல் நின்றது. படத்தில் டிராம் வண்டியே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு வேலியும் ஒரே அடியில் கிடைத்தது போல. வெறும் தண்டவாளம் மட்டும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள், வண்டி நின்ற மறுநாளே யாரும் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுப்பதில்லை. உயர் நீதிமன்றக் கட்டடம் 1892. அதன் உச்சிக் கோபுரத்தில் கலங்கரை விளக்கு எரிந்தது 1894 முதல் 1977 வரை. பாரிமுனையில் இப்போது நிற்கும் டேர் ஹவுஸ் 1940-ல் வந்தது. அந்த மூலையில் அதைவிடத் தாழ்ந்த, பழைய பாணிக் கட்டடம் இருந்தால் அதற்கு முந்தைய காலம். ரிப்பன் மாளிகை 1913. மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் என்ற பெரிய கடைக்கு எதிரே நின்ற நீல் சிலையை, 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய அந்தத் தளபதியின் சிலையை, பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு ராஜாஜி அரசு 1937-ல் அகற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அது நிற்கும் எந்தப் படமும் அதற்கு முந்தையது.

நீல் சிலைமேல் எனக்குத் தனிப்பட்ட நன்றி உண்டு. ஆரம்பத்தில் ஒரு பழைய அஞ்சலட்டையை மூர் மார்க்கெட் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சிவப்புச் செங்கல், கூம்புக் கோபுரங்கள், வளைவு வளைவாக முகப்பு; வேறென்ன வேண்டும்? நண்பர்களிடம் காட்டிப் பெருமையும் பட்டாயிற்று. ஒரு நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது இடது ஓரத்தில், பீடத்தின் மேல் ஒரு மனித உருவம். மூர் மார்க்கெட் வாசலில் அப்படி ஒரு சிலை இருந்ததாக எங்கும் படித்ததில்லை. தேடிப் பார்த்தால் அது நீல், கட்டடம் பழைய ஸ்பென்சர். மெட்ராஸில் அந்தக் காலத்தில் செங்கல்லும் கோபுரமும் வைத்து இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் எத்தனையோ கட்டினார்கள். நடுவில் இருக்கும் பெரிய கட்டடத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால் இப்படித்தான் ஏமாறுவோம். படம் எடுத்தவர் கவனிக்காத ஓரங்கள்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்கின்றன.

நிறத்தையும் நம்பக் கூடாது. அந்தக் கால அஞ்சலட்டைகளில் பல, கறுப்பு வெள்ளையில் எடுத்து, அச்சகத்தில் வண்ணம் ஏற்றியவை. வண்ணம் போட்டவர் ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம், மெட்ராஸையே பார்த்திருக்க மாட்டார். இப்போது அதே வேலையை மென்பொருள் செய்கிறது. வெள்ளை வெளேரென்று இருக்கும் ரிப்பன் மாளிகைக்கு அது மஞ்சள் பூசினாலும் அதற்குக் கேள்வி கேட்பார் இல்லை. இன்னொரு தொல்லை, செயற்கை நுண்ணறிவு முழுக்கக் கற்பனையாக உருவாக்கும் 'பழைய மெட்ராஸ்' படங்கள். கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சுருக்கு வழி கடைப் பலகைகளைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான். தமிழ் மாதிரி இருக்கும், ஆனால் எந்த எழுத்தாகவும் இருக்காது.

பலகை என்றதும் நமக்கு மட்டுமே கிடைத்திருக்கும் ஒரு கடிகாரத்தைச் சொல்ல வேண்டும்: எழுத்துச் சீர்திருத்தம். ணா, றா, னா போன்றவற்றைக் கொக்கி போட்டும், ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் தும்பிக்கை வைத்தும் எழுதிக்கொண்டிருந்தோம். தமிழக அரசு 1978-ல் அவற்றை மாற்றியது. 'அண்ணா சாலை' என்ற இரண்டு சொற்களிலேயே பழைய வடிவத்துக்கு இரண்டு இடம் இருக்கிறது பாருங்கள். தெருப் பலகையில் புதிய எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1978-க்குப் பிறகு. பழைய எழுத்து இருந்தால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் கடைக்காரர்கள் பலகையை அத்தனை சீக்கிரம் மாற்றுவதில்லை. இன்றைக்கும் சில கடைகளில் தும்பிக்கை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் ஒரு விதிவிலக்கு உண்டு: பெரியார் தன் பத்திரிகையில் 1935-லேயே இந்த எழுத்துகளைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். சுவரொட்டி திராவிடர் கழகத்துடையது என்றால் 1978 கணக்கு செல்லாது.

இதைவிடக் கூர்மையான கடிகாரம் சினிமாச் சுவரொட்டி. படம் வெளியான தேதி எங்காவது பதிவாகியிருக்கும், சுவரொட்டி ஒட்டிய சில வாரங்களில் கிழிந்தோ அடுத்ததற்கு அடியிலோ போய்விடும். 'இன்று முதல்' என்றும், கீழே திரையரங்கின் பெயரும் படிக்கிற மாதிரி இருந்தால் அன்றைய நாளிதழ் விளம்பரத்தோடு ஒப்பிட்டு மாதத்தையே பிடித்துவிடலாம். ஒரே ஆபத்து, நம் ஊரில் பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய எம்.ஜி.ஆர். படத்தின் சுவரொட்டி புத்தம் புதிதாக ஒட்டியிருக்கும். ஒரே சுவரில் இரண்டு மூன்று படங்கள் இருந்தால் அவற்றில் கடைசியாக வந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வண்டி எண்ணும் உதவும். இப்போதைய 'டி.என்.' வரிசை 1989-ல் வந்தது. அதற்கு முன்னால் எம், டி என்று தொடங்கும் மூன்றெழுத்து வரிசைகள், எம்.ஜி.ஆரின் 'டி.எம்.எக்ஸ். 4777' பலருக்கும் மனப்பாடம். காரின் மாடலைப் பார்த்தும் சொல்லலாம், ஆனால் அதில் முதல் வேலிதான் கிடைக்கும். அம்பாசடரைப் பார்த்து யாராலும் கடைசி வருஷம் சொல்ல முடியாது.

அஞ்சலட்டை கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். தபால்தலையில் இருக்கும் ராஜாவின் முகமே ஒரு கணக்கு: ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, அப்புறம் ஆறாம் ஜார்ஜ். முத்திரைத் தேதி தெரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அது அட்டையைத் தபாலில் போட்ட தேதி. நல்ல படம் ஒன்று கிடைத்தால் பதிப்பாளர்கள் அதே படத்தைப் பல வருஷம் அச்சடித்து விற்றார்கள். மெட்ராஸில் இருந்த வீல் அண்ட் கிளைன் போன்ற ஸ்டுடியோக்களின் படங்கள் எத்தனையோ கைகள் மாறி மறுபடி மறுபடி வந்திருக்கின்றன. ஆகவே முத்திரை தருவது இரண்டாவது வேலி மட்டுமே.

இன்னும் பழைய படங்களில், 1850கள், 60களில், தெரு வெறிச்சோடிக் கிடக்கும். 'அப்போது ஊரில் ஆளே இல்லை' என்று தலைப்புப் போட்டுப் பரப்புகிறார்கள். ஆள் இருந்தார்கள். ஒரு படம் பதிய அன்றைக்குச் சில நொடிகள் ஆகும், நடந்து போனவர் பதியவில்லை, அவ்வளவுதான். உற்றுப் பார்த்தால் பேய் மாதிரி ஒரு கறை, இரண்டு சக்கரம் மட்டும் தெரியும் வண்டி என்று ஏதாவது இருக்கும். நிழலில் தூங்கிக்கொண்டிருந்தவர் மட்டும் தெளிவாக விழுந்திருப்பார்.

எங்கே நின்று எடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை: படம் இடவலமாக மாறியிருக்கிறதா? கண்ணாடித் தகட்டையோ ஃபிலிமையோ தலைகீழாக வைத்து அச்சிட்டால் தெருவே கண்ணாடியில் பார்ப்பது போல ஆகிவிடும், நாளெல்லாம் தேடினாலும் இடம் பிடிபடாது. பலகை எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் வண்டிகள் இடது பக்கம் போகின்றனவா பாருங்கள். அதுவும் இல்லையா, பெண்கள் யாராவது நடந்து போகிறார்களா? முந்தானை எல்லோருக்கும் வலது தோளில் கிடந்தால் படத்தைத் திருப்பிப் போடலாம். (குஜராத்திக் குடும்பங்கள் நிறைய இருக்கும் சவுகார்பேட்டைப் படமாக இருந்தால் கொஞ்சம் யோசித்துத் திருப்புங்கள்.)

அப்புறம் நிழல். ராஜாஜி சாலையில் தலைமைத் தபால் நிலையம் போன்ற பழைய கட்டடங்கள் கிழக்கே, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்பவை. முகப்பில் வெயில் பளீரென்று அடித்தால் காலை நேரம். முகப்பு இருண்டு, பின்னால் வானம் வெளுத்திருந்தால் மாலை. எந்தத் தெரு என்று தெரியாத படத்தில் இதைத் திருப்பிப் போடலாம்: மணிக்கூண்டில் நேரம் தெரிகிறது, நிழல் விழும் பக்கம் தெரிகிறது, ஆக தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கணக்குப் போடலாம். நடுப்பகல் படத்தில் மட்டும் ஜாக்கிரதை. நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று வட நாட்டுக்காரர்கள் வேண்டுமானால் சொல்லலாம். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, நிழல் தெற்கே விழும்.

சரி, தெருவும் காலமும் ஓரளவு பிடிபட்டாயிற்று. படத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது, இப்போது அங்கே அது இல்லை. அதன் கதையை எப்படித் தேடுவது?

முதலில் பலகையில் ஒரு பெயர், அரைகுறையாகவாவது வேண்டும். கிடைத்ததும் அந்தக் காலத்து டைரக்டரிகளைப் புரட்டுங்கள். மெட்ராஸுக்கு அசைலம் பிரஸ் வருஷாவருஷம் வெளியிட்ட டைரக்டரி ஒன்று உண்டு. யார் எந்தக் கடை வைத்திருந்தார், எந்தத் தெருவில் என்று இருக்கும். ஒரு பெயர் முதலில் எந்த வருஷத்துப் புத்தகத்தில் வருகிறது, எந்த வருஷத்தோடு காணாமல் போகிறது என்று பார்த்தால் அதே இரண்டு வேலி மறுபடியும் கிடைக்கும். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் ஆகியவை இப்படிப்பட்ட வேலைக்குப் போய் உட்கார வேண்டிய இடங்கள். பழைய சுதேசமித்திரன் இதழ்களின் விளம்பரங்களும் நல்ல சுரங்கம்.

டைரக்டரியில் கதவு எண் இருக்கிறதே என்று அதை நம்பி நேராகப் போய் நிற்காதீர்கள். பழைய எண், புதிய எண் என்று ஒரே வாசலில் இரண்டு எண் தொங்கும் ஊர் இது. தெருப் பெயரும் மாறியிருக்கும்: சைனா பஜார் ரோடு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை ஆயிற்று, பிராட்வே பிரகாசம் சாலை, மவுபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை, எட்வர்டு எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை. எண்ணைவிடப் பக்கத்தில் யார் இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்வது உத்தமம். இடது பக்கம் இன்னும் நிற்கும் ஒரு கட்டடம், வலது பக்கம் இன்னொன்று. நடுவில் எத்தனை வாசல் என்று எண்ணிவிடலாம். மவுண்ட் ரோட்டில் 1904-ல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை இன்னும் இருக்கிறது. தீவுத்திடல் அருகே பழைய மெட்ராஸ் ஆளுநர் மன்றோ 1839 முதல் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார், நகரவே இல்லை. இப்படிப்பட்ட ஆணிகளில் படத்தை மாட்டிவிட்டால் மற்றவை தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

கட்டடம் போனாலும் மனையின் வடிவம் சுலபத்தில் போகாது. தெருவின் வளைவும் அப்படித்தான். பழைய ஸ்பென்சர் 1980களின் தொடக்கத்தில் தீயில் போயிற்று. அதே இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. படத்தில் கட்டடத்துக்கு முன்னால் சாலை எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால் இன்றைய வரைபடத்திலும் அந்தத் திருப்பம் இருக்கும்.

மூர் மார்க்கெட்டின் கதை கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார், 1900-ல் திறந்தார்கள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பறவை, நாய்க்குட்டி என்று அங்கே கிடைக்காதது இல்லை. 1985 மே 30-ம் தேதி எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அதற்குப் பெயரே 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்'. ரயில் அறிவிப்பில் இன்னமும் அந்தப் பெயர் ஒலிக்கிறது. கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் இருந்த இடத்தில் வளாகம் கட்டிக்கொடுத்தார்கள். குளமும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. காணாமல் போன கட்டடங்களுக்கு நம்மிடம் அச்சிடாத வரைபடம் ஒன்று உண்டு, அது நடத்துனரின் வாயில் இருக்கிறது. 'ஜெமினி இறங்கு' என்பார். ஸ்டுடியோ போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, 1973-ல் கட்டிய மேம்பாலத்தின் அதிகாரப்பூர்வப் பெயரும் வேறு. 'சபையர்' என்றால் எங்கே என்று அந்தத் திரையரங்கில் ஒரு படம்கூடப் பார்க்காதவர்களும் சொல்வார்கள். ரவுண்டாணா என்று எந்தப் பலகையிலும் இல்லை. 'பீச் ஸ்டேஷன்' வாசலில் நின்று பார்த்தால் மணல் ஒரு பிடி கிடையாது, எதிரே துறைமுகம். ஆனால் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்ப்பதற்கு முன்னால் அலை பக்கத்தில்தான் அடித்தது. உங்கள் ஊரிலும் இப்படி இருக்கும். ஆலமரமே இல்லாத ஆலமரத்தடி, தியேட்டர் இல்லாத தியேட்டர் ஸ்டாப். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பழைய ஆட்டோக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து.

கடைசியாகத் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். படத்தை அச்செடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத ஞாயிறு காலையில். கண்ணைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். அங்கே ஷட்டரும் விளம்பரப் பலகையும்தான். முதல் மாடிக்கு மேலே பாருங்கள். ஜன்னல் வளைவு, கைப்பிடிச் சுவர், தூணின் தலைப்பகுதி இவற்றை மாற்றப் பெரும்பாலும் யாரும் பணம் செலவழிப்பதில்லை. மறைந்துபோனது என்று நினைத்த பல கட்டடங்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்கின்றன. படங்களில் 'வொயிட்அவே லெய்ட்லா' என்று வரும் பிரம்மாண்டமான வெள்ளைக்காரர் ஜவுளிக்கடை எங்கே போயிற்று என்று தேடுவார்கள். சுதேசமித்திரன் அதை வாங்கி 'விக்டரி ஹவுஸ்' ஆக்கியது, பிறகு வி.ஜி.பி. கைக்குப் போனது.

எலெக்ட்ரிக் தியேட்டர் இன்னும் வேடிக்கை. 1913-ல் மவுண்ட் ரோட்டில் கட்டிய சினிமாக் கொட்டகை. இரண்டே வருஷத்தில் தபால் இலாகா வாங்கிவிட்டது. பழைய படத்தை வைத்துக்கொண்டு சாலையோரமாகத் தேடினால் கிடைக்காது. அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போக வேண்டும். அங்கே ஒரு குட்டையான கட்டடம் இருக்கிறது, தபால்தலைப் பிரிவு அதில்தான். வேலை நாளில் போனால் உள்ளே தபால்தலை வாங்கலாம்.